படுத்திருந்த பூவரசு

மத்தியானத்தில் வாய்க்கால் கரை தூங்கிவிடும். கோடை. ஆற்றில் தண்ணீர் வர இன்னும் நாள் இருந்தது. அங்கங்கே தேங்கிய குட்டைகளில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. வீட்டில் மாமனார் தூங்கினார், மாமியார் தூங்கினாள். தலைக்குமேல் மின்விசிறியும் தூக்கக் கலக்கத்தில் சுற்றியது.

மாலதிக்கு மட்டும் தூக்கம் வராது. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்ததும் மதகடிக்குப் போய்விடுவாள். அங்கே அவளுடைய மரம் நின்றது.

ஊரில் அதற்கு மாலதி மரம் என்றே பேர். மாலதி பிறந்தது சீர்காழிப் பக்கம். கல்யாணம் அங்கே, வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. பந்தக்காலுக்கு அப்பாவின் வயல் வரப்பிலிருந்து ஒரு பூவரசங்கிளை வெட்டினார்கள். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, குழியில் நவதானியம் போட்டு ஊன்றினார்கள். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தல் பிரித்ததும் அந்தப் பந்தக்காலைப் பெண்ணோடு அனுப்பிவிடுவார்கள். புகுந்த ஊரில் ஈரமான இடம் பார்த்து மாப்பிள்ளை தன் கையால் நட வேண்டும். துளிர்த்தால் நல்லது. துளிர்க்காவிட்டால் என்ன என்று யாரும் சொல்வதில்லை.

பீரோ, கட்டில், பித்தளை அண்டாவோடு வேனின் மேல் படுத்தபடி அந்தக் கிளையும் திருவிடைமருதூருக்குப் பக்கத்திலிருக்கும் இந்த ஊருக்கு வந்தது. அவள் புருஷன் பிரபு அதை மதகடியில் நட்டான். ஒரு மாதத்துக்குமேல் மொட்டையாக நின்றது. பிறகு ஒரு காலையில் துளிர்த்தது. பிரபுதான் முதலில் பார்த்தான். ஓடிவந்து சொன்னான். அடுத்த வாரம் மஸ்கட்டுக்குப் போனான்.

போய் நாலு வருஷம். நடுவில் ஒரு தடவை வந்தான். வெள்ளிக்கிழமைகளில் பேசுவான். முன்பெல்லாம் காது சூடாகும்வரை பேசினான். இப்போது கொஞ்சம் பேசிவிட்டு, "அப்புறம்?" என்பான். அவளும், "அப்புறம்?" என்பாள். அப்புறம் இல்லை.

ஆகவே அவள் மரத்தைப் பார்த்தாள். காலையில் மஞ்சளாக விரியும் பூ சாயங்காலத்துக்குள் சிவந்து சுருண்டு விழும். அதைப் பார்ப்பாள். புதிதாக இலை விட்டிருந்தால் அந்த வாரம் நன்றாக இருக்கும் என்று வைத்துக்கொள்வாள். இலைச்சுருட்டுப் புழு வந்தால் எட்டிய மட்டும் ஒவ்வொரு சுருளாகப் பிரித்துப் புழுவை எடுத்துப் போடுவாள். மாமியார் கமலாம்பாள் சிரிப்பாள்.

"மரத்துக்குப் பேன் பாக்குறா எம் மருமவ."

பார்த்துக்கொண்டே நின்றால் நேரம் போவது தெரியாது. வாய்க்கால் ஓடாமலே ஓடுவது போலிருக்கும். சில சமயம் வேனின் மேல் தானே படுத்து வந்தது போலவும், மேலே கிளைகள் ஓடிக்கொண்டிருப்பது போலவும் தோன்றும்.

கரை நெடுக வேறு பூவரசுகளும் நின்றன. அவை மாமனார் சிங்காரவேலு வைத்தவை. முன்னொரு புயலில் கரை மரங்கள் எல்லாம் சாய்ந்தபோது ஒன்று மட்டும் நின்றது. அது ராசியான மரம் என்று அவருக்குப் பட்டது. பூவரசுக்கு யாரும் விதை போட்டுக் காத்திருப்பதில்லை. கைப்பருமன் கிளையை வெட்டி ஈர மண்ணில் ஊன்றினால் மரமாகிவிடும். அதற்குப் போத்து என்று பேர். அந்த ஒரே மரத்திலிருந்து போத்து வெட்டி வெட்டிக் கரையை நிரப்பினார். அவர் வைத்த போத்து தவறியதில்லை. அதை அவரே எல்லோரிடமும் சொல்வார்.

ஷமா வந்தது அந்தக் கோடையில்தான். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண். பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி. ஸ்கூட்டியை மதகில் சாத்திவிட்டு ஒரு வெள்ளைக் குடையை விரித்தாள். விரித்ததைக் கவிழ்த்துப் பிடித்தாள். குடைக்கம்பி வானத்தைப் பார்த்தது.

"அக்கா, இது உங்க மரமா? கொஞ்சம் தட்டிக்கவா?"

"வலிக்காம தட்டுங்க."

ஷமா ஒரு குச்சியால் கிளையை இரண்டு தட்டுத் தட்டினாள். வெள்ளைத் துணியில் பொலபொலவென்று விழுந்தன. சிவப்புப் பூச்சிகள் ஒன்றின் முதுகில் ஒன்றாக. சின்னக் கறுப்பு எறும்புகள். மாவுப்பூச்சி. பச்சைப் புழு. மாலதிக்கு எல்லாம் தெரிந்த முகங்கள். ஷமா போனில் படம் பிடித்தாள். பிறகு குடையைச் சாய்த்து எல்லாவற்றையும் மரத்திலேயே விட்டாள். ஓர் இலையைக் கிள்ளி உறையில் போட்டுக்கொண்டாள்.

சிங்காரவேலு துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, இதையெல்லாம் எண்ணி யாருக்கு என்ன ஆவப்போவுது?"

"எங்க வாப்பாவும் இதையேதான் கேக்குறாங்க. தேங்காயப் பத்திப் படிச்சிருந்தா நம்ம கடைக்காச்சும் ஆவுமேன்னு."

"வெவரமான மனுசன். காப்பி சாப்புடுறியா?"

"சாப்புடுறேன். பூச்சி விழாம பாத்துக்கங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்குப் பூச்சிக்காரி என்று பேர் வைத்தார்.

வாரா வாரம் வந்தாள். ஒவ்வொரு மரமாகத் தட்டினாள். மாலதி கூடவே போவாள். குடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்வாள். வெயிலில் வெள்ளைத் துணி கண்ணைக் கூசும். அதில் ஊரும் சின்ன உயிர்களைப் பார்த்திருந்தால் உலகம் அவ்வளவு பெரியதுதான் என்றிருக்கும்.

கரையின் கடைக்கோடியில் ஒரு மரம் கிடந்தது. நிற்கவில்லை, கிடந்தது. அடிமரம் வாய்க்கால் சரிவில் படுத்திருக்க, அதன் முதுகிலிருந்து கிளைகள் நேராக மேலே எழும்பியிருந்தன. யாரும் வைத்ததில்லை. எந்நேரமும் பூச்சியும் எறும்பும். ஊர்ப் பெண்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். ஷமா மட்டும் போய் அதையும் தட்டினாள். கழுத்தைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்தாள்.

தண்ணீர் திறக்குமுன் வாய்க்கால் தூர்வார வேண்டும். ஒரு சாயங்காலம் பொக்லைன் ஓட்டுபவர் ஐயாவு கரையைப் பார்த்துப் போக வந்தார். சிங்காரவேலு கையை நீட்டி நீட்டிச் சொன்னார்.

"மேல நிக்கிற எதையும் தொடக் கூடாது. மதகுகிட்ட நிக்கிறது எம் மருமவ மரம், அங்க ரொம்பக் கவனம். கடைசில ஒண்ணு வாய்க்கால அடைச்சிக்கிட்டுப் படுத்திருக்கு பாரு, அந்தக் கழுதைய வேரோட அள்ளிப் போட்ரு."

"நாளைக்குக் காலையில வந்துடுறேங்க" என்றார் ஐயாவு.

ஷமா மதகின் மேல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டு நிமிர்ந்தாள்.

"அய்யோ, அதையா?" என்றாள் மெதுவாக. சிங்காரவேலுவும் ஐயாவுவும் பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

"ஏன், அதுல என்ன?" என்றாள் மாலதி.

"அது ஒண்ணுதான்க்கா இந்தக் கரையில வேற."

"எப்படி வேற? அதுவும் பூவரசுதானே?"

"நமக்கு எல்லாம் பூவரசு. பூச்சி அப்படி நெனைக்காது. ஒரு மரத்து எல கசக்கும், ஒண்ணு கசக்காது. ஒண்ணு முந்தித் துளிர்க்கும். ஒண்ணுக்கு எலைக்கடியில பூமுடி மாதிரி சொனை ஜாஸ்தி. அததுக்குப் புடிச்ச வீட்டுலதான் அதது குடியேறும். அதைத் திங்க வேற பூச்சி வரும். அதையும் திங்கச் சிலந்தி வரும். மரம் மாறுச்சுன்னா தெருவே மாறிடும்."

"இந்தக் கரையில?"

"இங்க ஒரே தெரு. மொதல்ல எனக்கே சந்தேகம், எங்க தட்டுனாலும் ஒரே ஆளுங்க விழுறாங்களேன்னு. எலையெல்லாம் லேபுல குடுத்திருந்தேன். இன்னிக்கு வந்துடுச்சு." போனைக் காட்டினாள். "மாமா வச்சதெல்லாம் ஒரே தாய்மரத்துப் போத்துல்ல. அப்ப இது நெறைய மரம் இல்லக்கா. நெறைய எடத்துல நிக்கிற ஒரே மரம்."

மாலதிக்கு அது பிடித்திருந்தது. ஒரே மரம் கரையெல்லாம் நடந்துபோவது போல மனசில் வந்தது.

"என்னோடதத் தவிர" என்றாள்.

ஷமா குடையை மடக்கினாள். மறுபடி விரித்தாள். மறுபடி மடக்கினாள்.

"உங்களோடதும்தான்க்கா."

"இது எங்க ஊருலேந்து வந்ததுங்க. பந்தக்கால்."

"தெரியும்க்கா. நீங்க சொன்னதாலதான் ரெண்டு தரம் பாக்கச் சொன்னேன். இதுவும் மாமா மரம்தான்."

மதகடி மரத்திலிருந்து ஒரு சிவந்த பூ விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ஷமா எழுந்தாள். பிறகு, "வரேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மாலதி நின்றாள். நாலு வருஷமாகத் தடவிய பட்டையைத் தடவினாள். அதே பட்டைதான். கை மட்டும் யார் வீட்டுக் கதவையோ தொட்டது போல விலகியது. என் பந்தக்கால் காய்ந்துபோயிருக்கிறது. காய்ந்ததை யாரோ எடுத்துவிட்டு இதை வைத்திருக்கிறார்கள். நான் இதற்குப் புழு பொறுக்கியிருக்கிறேன்.

கால் தானாக நடந்தது. கரையின் மரங்கள் ஒன்றுபோல் ஒன்று கடந்து போயின. கடைசியில் அது கிடந்தது.

அவள் அதை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. கிளைகளில் இலைகளைச் சேர்த்துப் பின்னிச் சிவந்த முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தது, பச்சைப் பந்து போல. பூக்களில் கருவண்டுகள் முட்டி மோதின. அந்த இரைச்சல் காற்றோடு ஏறி இறங்கியது. ஓர் இலையைப் பறித்துத் திருப்பினாள். அடியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். பெருவிரல் நகத்தால் ஒன்றை அழுத்தினாள். டப் என்றது.

இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அப்பாவின் வரப்பு மரத்து இலையில் இந்தக் கொப்புளம் இருக்கும். பள்ளிக்கூடம் போகும்போது ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போவாள். இந்த ஊருக்கு வந்தபின் எந்தப் பூவரசிலும் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதைக்கூட இப்போதுதான் பார்த்தாள்.

கையில் முசுறு ஏறிக் கடித்தது. சுருக்கென்றது. உதறவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை அல்ல. ஆனாலும் அங்கிருந்தே பிரபுவுக்குப் போன் போட்டாள்.

"என்ன மாலதி? யாருக்கு என்ன?" என்றான் பதறி.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. பந்தக்கால எங்க போட்டீங்க?"

"மதகடியில. என்ன திடீர்னு?"

"அது மாமா மரத்துப் போத்து."

அந்தப் பக்கம் வண்டிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"யாரு சொன்னா?"

"பூச்சி."

"யாரு?"

"பூச்சிதான். பூச்சிக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல."

அவன் சிரித்துவிட்டான். சிரித்தது அவனுக்கே பயமாக இருந்திருக்க வேண்டும். உடனே நிறுத்தினான்.

"தலைகீழா நட்டுட்டேன் மாலதி."

"என்னது?"

"உங்க ஊருல ரெண்டு முனையிலயும் மஞ்சளப் பூசி மாவிலையக் கட்டி வச்சிருந்தாங்க. எது அடி, எது நுனின்னு தெரியல. நட்டுட்டேன். பட்டையெல்லாம் சுருங்கிப்போச்சு. அப்புறம்தான் பாக்குறேன், கணுவெல்லாம் தரையப் பாத்து நிக்கிது. அப்பாவுக்குத் தெரிஞ்சா விடுவாரா? போத்துக்காரர் மவன் தலைகீழா நட்ட கதைய கும்பகோணம் வரைக்கும் சொல்லிச் சிரிப்பாரு."

"அதுக்காகவா?"

"அதுக்கும்தான்" என்றான். "நீ தெனம் போயிப் போயிப் பாத்துட்டு வந்த. வந்து ஒண்ணுமே சொல்ல மாட்ட. எனக்குப் பாக்க முடியல. விடியறதுக்குள்ள போயி, அப்பா வச்சுத் துளிர்த்திருந்த போத்து ஒண்ணப் புடுங்கி மாத்திட்டேன். மஞ்சளும் பூசி விட்டேன்."

மஞ்சள் கையோடு அவன் ஓடிவந்து, "துளிர்த்துடுச்சு" என்று சொன்ன காலை நினைவுக்கு வந்தது. கையில் ஏன் மஞ்சள் என்று அன்று அவள் கேட்கவில்லை.

"எடுத்தத என்ன பண்ணுனீங்க?"

"தூக்கிப் போட்டேன். கரைக் கடைசில, சேத்துல. காஞ்ச கட்டைதானே. ஏன்?"

மாலதி படுத்திருந்த மரத்தைப் பார்த்தாள். தலைகீழாக நட்டதைக் கிடத்தியதும் அதற்கு, மேல் எது, கீழ் எது என்ற தொந்தரவு போய்விட்டது. கிடந்த வாக்கில் ஒரு பக்கம் வேர் விட்டு, மறுபக்கம் கிளை விட்டிருக்கிறது.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

ராத்திரி ஏதேதோ கனவு. பந்தலுக்குக் கீழே தண்ணீர் ஓடியது. பந்தக்கால் நீந்திப் போயிற்று.

விடிந்ததும் எழுந்து மஞ்சள் அரைத்தாள். கமலாம்பாள் பல் விளக்கிக்கொண்டே கேட்டாள்.

"இன்னிக்கு என்னடி விசேஷம்?"

"பந்தக்கால் அத்தை."

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான்."

கமலாம்பாள் வாயில் நுரையோடு நின்றுவிட்டாள்.

மாலதி சரிவில் இறங்கினாள். படுத்த மரத்தின் உடம்பெல்லாம் மஞ்சள் பூசினாள். முசுறு கையிலும் கழுத்திலும் ஏறிற்று. கடித்தது. ஒவ்வொன்றாக எடுத்து இலையில் விட்டாள். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து கட்டினாள். மாவிலை கட்டினாள். நிமிர்ந்தபோது பொக்லைன் கரையில் உறுமிக்கொண்டு வந்தது. பின்னால் சிங்காரவேலு.

ஐயாவு வண்டியை நிறுத்தினார். கைவாளி பாதி வானத்தில் நின்றது. மரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். அப்போதுதான் கருவண்டுகளின் இரைச்சல் கேட்டது.

"என்னங்க இது? பந்தக்கால் மாதிரி கட்டிருக்கு."

"பந்தக்கால்தான்" என்றாள் மாலதி.

"அப்ப நான் தொடமாட்டேங்க. என் வீட்லயும் பொண்ணு இருக்கு."

சிங்காரவேலுவுக்குக் கோபம் ஏறியது.

"ஏம்மா, வெளையாடுறியா? தண்ணி வர்ற நேரம். ஒன் மரம் அங்க நிக்கிது. இது ஊரு பேரு தெரியாத கட்டை."

"அது ஒங்க மரம் மாமா. இதுதான் என்னோடது. ஒங்க புள்ள தலைகீழா நட்டுட்டாரு. மொளைக்கலன்னு இங்க வீசிட்டு, ஒங்க போத்த அங்க வச்சுட்டாரு."

"எம் மவனா?"

"ஆமாம்."

"தலைகீழாவா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவில் இறங்கினார். முசுறைப் பற்றி நினைக்கவில்லை. படுத்திருந்த அடிமரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிக்கொண்டே போனார். ஒரு முனையில் நின்றார். அங்கே பழைய வெட்டு ஒன்று. பட்டை அதை ஏறக்குறைய மூடியிருந்தது. சாய்வாக விழுந்த வெட்டு. மண்ணில் இறங்க வேண்டிய முனையைத்தான் அப்படிச் சாய்த்து வெட்டுவார்கள். மறுமுனைக்குப் போனார். நேர்வெட்டு. அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பட்டை கறுத்து இற்றிருந்தது. மண்ணில் இறங்கியிருந்த அடையாளம்.

"நுனியப் பூமிக்குள்ள வுட்ருக்கான்" என்றார். குரல் ஒரு மாதிரி போயிற்று. தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ஐயாவு வண்டியிலிருந்து இறங்கினார்.

சிங்காரவேலு சிரித்துக்கொண்டிருந்தார். முசுறு கடிக்கக் கடிக்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"தலைகீழா நட்டிருக்கான்யா ஐயாவு! என் வவுத்துல பொறந்துட்டு!"

"மரமும் உசுர விடலயேங்க" என்றார் ஐயாவு.

"வேற மரமா இருந்தா செத்துருக்கும்." சிரிப்பு அடங்கியதும் மஞ்சள் உடம்பைத் தட்டிக்கொடுத்தார். "எந்த ஊருது இது? சீர்காழியா?"

பிறகு கரையில் ஏறிக் கொஞ்ச நேரம் வாய்க்காலைப் பார்த்தார். ஐயாவுவிடம் கையை வளைத்துக் காட்டினார். ஐயாவு தலையாட்டினார். கைவாளி மரத்தை விட்டு விலகி எதிர்க்கரைப் பக்கம் இறங்கியது.

அடுத்த வாரம் ஷமா வந்தபோது படுத்த மரத்துக்கு முதலில் போனாள். குடையில் விழுந்தவற்றைப் பார்த்து, "எல்லாரும் இருக்காங்கக்கா" என்றாள். மாலதி குடையின் மறுபக்கத்தைப் பிடித்திருந்தாள்.

தண்ணீர் வந்தது. முதலில் நுரையும் சருகுமாக, பிறகு தெளிந்து. மதகடி மரத்தில் இலைச்சுருட்டுப் புழுக்களை மாலதி இப்போது பொறுக்குவதில்லை. அது அது பாட்டுக்கு நிற்கிறது.

வெள்ளிக்கிழமை பிரபு போன் செய்தான்.

"அப்பா பேசுனாரு. கும்பகோணத்துக்குச் சொல்லியாச்சாம்."

"மாயவரத்துக்கும் சொல்லியாச்சு."

அவன் சிரித்தான். பிறகு கேட்டான்.

"நெசமாவே மொளச்சிருக்கா மாலதி?"

அவள் போனைப் படுத்த மரத்துப் பூக்களின் பக்கம் நீட்டிப் பிடித்தாள். மஞ்சள் பூக்கள் சிவக்கத் தொடங்கிய நேரம். கருவண்டுகள் வீடு திரும்புமுன் அவசரத்தில் இருந்தன. கை வலிக்கும்வரை பிடித்திருந்துவிட்டுக் காதில் வைத்தாள்.

"கேட்டுச்சா?"

"காத்து அடிக்குது."

"காத்து இல்ல."

"அப்புறம்?"

"வந்து பாருங்க" என்றாள்.

கீழே தண்ணீர் நேராக வந்து, மரத்தின் அருகில் எதிர்க்கரையோரம் ஒதுங்கி, மறுபடி நேராகப் போயிற்று. அந்த இடத்தில் வாய்க்கால் இப்போது கொஞ்சம் வளைந்திருக்கிறது.